பாவாவின் வீடும் எங்கள் ஊர்த் தூணும்

காரைக்குடிக்காரன்:
“நவீன வீடு என்றால் என்னவென்று தெரியாதவர்கள் கொழும்புக்குப் போய், இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தனக்கென்று வடிவமைத்துக்கொண்ட 11ஆம் எண் வீட்டைப் பார்த்துவிட்டு வரட்டும்” என்று நேற்று ஒரு நண்பர் இங்கே உபதேசம் செய்திருந்தார். நான் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். முன்னால் கார் கொட்டகை, அதில் பழைய ரோல்ஸ் ராய்ஸ். அதைத் தாண்டினால் வெள்ளை அடித்த நீண்ட நடை. உள்ளே போனால் வானம் தெரிகிற சிறு முற்றம், தொட்டியில் தண்ணீர், பக்கத்தில் நிற்கிறது செட்டிநாட்டுத் தூண்! இதைப் பார்க்கவா கடல் தாண்டினேன்?

வெள்ளவத்தைவாசி:
ஐயா கண்ணில் தூண் மட்டும்தான் பட்டதாக்கும். ஒரே வரிசையில் இருந்த நான்கு சிறு வீடுகளில் மூன்றாவதில் 1958இல் குடியேறியவர், மற்றவற்றையும் ஒவ்வொன்றாக வாங்கி ஒரே வீடாக்கினார். தெருவோரத்து வீட்டை இடித்துவிட்டுக் கோபுரம்போல எழுப்பினார். மொட்டைமாடிக்கு ஏறினீர்களா?

காரைக்குடிக்காரன்:
ஏறினேன். தூண் கீழேதான் இருந்தது.

கொத்தனார் மகன்:
பழைய வீடுகளின் சுவரை உடைத்து ஒன்றாக்குவதற்கு எங்கள் ஊரில் மராமத்து என்று பெயர். என் அப்பா நாற்பது வருடம் அதைத்தான் செய்தார். யாரும் டிக்கெட் வாங்கி வந்து பார்க்கவில்லை.

வெள்ளவத்தைவாசி:
அந்த நடையில் ஒருமுறை நடந்திருந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள். நான் போனது நடுப்பகலில். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே நிழல். நாலெட்டு வைத்தால் மேலிருந்து இறங்கும் வெளிச்சத்தில் ஒரு செடி, மறுபடி நிழல். எந்தச் சுவர் எந்த வீட்டுடையது என்றே சொல்ல முடியாது. நாலு பக்கமும் அடுத்த வீடு நெருக்கும் மனையில் வெளிச்சத்தையும் காற்றையும் மேலிருந்து இறக்கியிருக்கிறார். ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரண்ட் ஓவியம் தீட்டிய கதவையாவது பார்த்தீர்களா?

காரைக்குடிக்காரன்:
மேலிருந்து இறக்குவதைத்தான் எங்கள் பாட்டன்மார் வளவில், அதாவது செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றத்தில், செய்துவைத்தார்கள். தூணும் எங்களுடையது, முற்றமும் எங்களுடையது, ‘நவீனம்’ என்ற பட்டம் மட்டும் அவருக்கா?

வெள்ளவத்தைவாசி:
முற்றம் உங்கள் பரம்பரைச் சொத்தா? நடுவில் முற்றம் விட்டுக் கட்டும் யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைக் கேள்விப்பட்டதே இல்லையோ? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கதவும் தூணும் கடை கடையாக விற்கிறார்களே, அவர்கள் எந்த ஊர்? விற்றுவிட்டு, வாங்கியவன் வீட்டு வாசலில் வந்து பெருமை பேசுகிறீர்கள்.

காரைக்குடிக்காரன்:
பங்காளி வீட்டு வேதனை உங்களுக்குப் புரியாது. எங்கள் வீட்டுக்கு 22 பங்கு. உடைந்த ஓட்டை மாற்றக்கூட அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். விற்ற கை என்னுடையது அல்ல.

முற்றம் வைத்தவள்:
நானும் ஒருவரை நம்பி, பாவா பாணியில் கூடத்துக்கு நடுவே முற்றம் வைத்தேன். ஐப்பசி மழையில் சோபாவின் கால் நனைந்தது. வியந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் கோடையில்தான் போகிறீர்கள் போலிருக்கிறது.

கொத்தனார் மகன்:
தண்ணீர் வடிகிற வாட்டம் சரியில்லை அம்மா. படித்தவர்களிடம் விட்டால் இப்படித்தான். ஒரு நல்ல கொத்தனாரைக் கேட்டிருக்க வேண்டும்.

முற்றம் வைத்தவள்:
வாட்டம் பார்த்ததே கொத்தனார்தான்.

கொத்தனார் மகன்:
எந்த ஊர்க் கொத்தனார்? பாவாவே முதலில் சட்டம் படித்தவர். நாற்பதை நெருங்கும்போதுதான் கட்டடக் கலைஞரானார்.

வெள்ளவத்தைவாசி:
அப்படி ஆனவர்தான் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில் இலங்கை நாடாளுமன்றம் கட்டினார், 1982இல். அதுவும் மராமத்தா?

கொத்தனார் மகன்:
பேச்சை மாற்றாதீர்கள்.

காரைக்குடிக்காரன்:
தூணுக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. போன வருடம் ஆத்தங்குடித் தரைக்கல் பற்றிப் பேசியபோதும் இதே வெள்ளவத்தைவாசி பாதியில் நழுவினார், நான் மறக்கவில்லை. இன்றிரவு படம் போடுகிறேன், பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வெள்ளவத்தைவாசி:
போடுங்கள். முற்றமும் தெரியும்படி எடுத்திருந்தால் நல்லது.

காரைக்குடிக்காரன்:
முற்றம் படத்தில் விழவில்லை. தூணை மட்டும்தான் எடுத்தேன்.