கல்லடி வீட்டார் குழு: தீர்த்தத்துக்கு மறுநாள்

சுதன் (ரொறன்ரோ): டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கம் கோயிலில் நிற்போம். ஒரு வேண்டுகோள். தீர்த்தத்துக்கு மறுநாள் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து டிஸ்க் கோல்ஃப் விளையாட வேண்டும். தட்டுகள் நான் கொண்டுவருகிறேன். இடம் பாருங்கள்.

யோகா பெரியம்மா: வா மகன். சந்தோசம்.

குலம் மாமா: கோல்ஃபா? நுவரெலியாவில் பார்த்திருக்கிறேன். அந்தப் புல்லுக்கு எங்கே போவது?

சுதன் (ரொறன்ரோ): மாமா, இதில் பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. பறக்கும் தட்டை எறிந்து இரும்புக் கூடைக்குள் விழுத்த வேண்டும். கூடைக்கு மேலே சங்கிலிகள் தொங்கும். தட்டு அவற்றில் மோதி வேகம் அடங்கிக் கீழே விழும். கூடையில் விழாவிட்டால், தட்டு கிடக்கும் இடத்தில் நின்றே அடுத்த எறிதல். கூடைக்குத் தூரத்தில் நிற்பவர் முதலில் எறிவார். குறைந்த எறிதலில் முடித்தவர் வென்றவர். நான் போவது சீட்டன் பூங்காவுக்கு. டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், நகரத்துக்கு நடுவே இருக்கிறது. 18 கூடைகள். வேலை முடிந்ததும் நேரே அங்கேதான். மரங்களுக்கிடையே தட்டை வளைத்து அனுப்பி, அது நினைத்த இடத்தில் இறங்கும்போது வருகிற மகிழ்ச்சியை இந்தப் பிள்ளைகளும் காண வேண்டும்.

ரவி: காந்தி பூங்கா?

தர்சினி: வாவிக்குள் போய்விடும்.

சுதன் (ரொறன்ரோ): பெரும்பாலான தட்டுகள் தண்ணீரில் தாழ்ந்துவிடும். அதோடு அங்கே சனம் நடமாடும். தூரம் போகும் தட்டுக்கு விளிம்பு மெல்லியது, பட்டால் காயம் வரும்.

ரவி: வெபர் மைதானம்?

சுதன் (ரொறன்ரோ): வெட்டவெளி. மரம் வேண்டும்.

செல்வி சின்னம்மா: கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் யார் அனுப்புவது?

தர்சினி: எங்கள் களுவாஞ்சிகுடி வளவு முழுவதும் தென்னைதானே.

குலம் மாமா: பிள்ளை, யோசித்துத்தான் எழுதினாயா?

யோகா பெரியம்மா: என் பக்கத்தில் தாராளமாக விளையாடலாம். எவரிடமும் கேட்கத் தேவையில்லை.

சுதன் (ரொறன்ரோ): ஒரு பக்கம் காணாது பெரியம்மா. வலக்கைக்காரர் உடம்புக்குக் குறுக்கே கையை இழுத்து எறிந்தால், வேகம் குறையும்போது தட்டு இடப்பக்கம் சரியும்.

ரவி: இடப்பக்கம் சின்னம்மாவின் வேலி.

செல்வி சின்னம்மா: வேலி நான் போட்டதல்ல. சீதனம் எழுதிய அன்று கிணறு இருவருக்கும் என்றுதான் அப்பா சொன்னார்.

யோகா பெரியம்மா: செல்வி, பிள்ளைகள் வாசிக்கிறார்கள்.

சுதன் (ரொறன்ரோ): கூடை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எட் ஹெட்ரிக் 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இந்த விளையாட்டுக்குக் களம் அமைத்தபோது முதலில் கம்பங்கள்தான் இலக்கு. சங்கிலிக் கூடையை அவர் பிறகுதான் உருவாக்கினார். நாம் தென்னையில் சிவப்புத் துணி கட்டலாம். 2002இல் அவர் இறந்தபின், அவர் விரும்பியபடியே சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள்.

யோகா பெரியம்மா: சிவசிவா. அப்பாவை நினைத்துத் தீர்த்தமாடப் போகிற நேரத்தில் இதென்ன பேச்சு?

குலம் மாமா: அவரவர் பற்று அவரவருக்கு அக்கா. அப்பாவும் அந்த வளவை விட்டு ஓர் இரவு வெளியே தங்கியவரல்லர்.

செல்வி சின்னம்மா: மேற்கு மூலையில் ஒரு தகரம் கழன்றிருக்கிறது. தட்டு விழுந்தால் பிள்ளைகள் அதால் வந்து எடுக்கட்டும்.

யோகா பெரியம்மா: அதைக் கழற்றியது யார்?

தர்சினி: காற்று பெரியம்மா.

சுதன் (ரொறன்ரோ): நன்றி சின்னம்மா. அதற்குமுன் தேங்காய் பறித்தாக வேண்டும். இல்லாவிட்டால் மரத்தடியில் பிள்ளைகளை நிறுத்த மாட்டேன்.

குலம் மாமா: பறிகூலி யார் கொடுப்பது?

யோகா பெரியம்மா: அதைப் பிறகு பார்ப்போம். அன்றைக்குச் சமையல் என் வீட்டில்.

செல்வி சின்னம்மா: தயிர் நான் எடுக்கிறேன். சமையலைப் பற்றி இன்னும் பேச வேண்டும்.

ரவி: கூடை ஒன்று செய்விக்கிறேன். இரண்டு சைக்கிள் றிம்மும் நாய்ச் சங்கிலியும் போதும். எந்தப் பக்கம் நடுவது?

தர்சினி: கழற்றி நடக்கூடியதாகச் செய்யச் சொல்லுங்கள் அண்ணா.