பாரிஸ் அபார்ட்மென்ட்: ஏஜென்சி கேட்பதெல்லாம் நியாயம்தானா?

குறிச்சிக்குளம் எழுதியது:

அடுத்த மே 10 முதல் 17 வரை பாரிஸ் 15ஆம் வட்டாரத்தில் ஏழு இரவு தங்க ஓர் அபார்ட்மென்ட் பார்த்திருக்கிறோம். நாங்கள் இருவர், மாமியார், ஆறு வயதுப் பையன். இரவுக்கு 180 யூரோ, மொத்தம் 1,260. வீடு தனியார் ஒருவருடையது, நடுவில் ஏஜென்சி. இது செப்டம்பர். இப்போதே அவர்கள் அனுப்பியிருக்கும் நிபந்தனைகள்:

1. பாதி வாடகை (630 யூரோ) உடனே, மீதி மார்ச் 10க்குள். பேங்க் டிரான்ஸ்ஃபர் மட்டும்.
2. நான்கு பேரின் பாஸ்போர்ட் நகல், முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்.
3. மூன்று மாதச் சம்பளச் சீட்டு.
4. 800 யூரோ டெபாசிட், ஒரு வாரம் முன்பு டிரான்ஸ்ஃபரில். கிரெடிட் கார்டில் ஹோல்ட் (பணத்தை எடுக்காமல் அந்தத் தொகையை லிமிட்டில் நிறுத்தி வைப்பது) வைத்தாலும் சரியாம்.
5. கிளீனிங் 90 யூரோ, கட்டாயம்.
6. இரவு 8க்கு மேல் வந்தால் 50 யூரோ. 10க்கு மேல் சாவி கிடையாது.
7. வீட்டுக்குச் சேதம் வந்தால் ஈடுகட்டும் இன்சூரன்ஸ், எங்கள் பெயரில்.
8. டூரிஸ்ட் வரி தனி, நான்கு பேருக்கும்.
9. ஐந்து பக்க பிரெஞ்சு ஒப்பந்தம், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து.
10. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்ப வராது.

பாஸ்போர்ட் கேட்பதும் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பதும் உறுத்துகிறது. பாதிப் பணம் முன்கூட்டியே கேட்பது எல்லா ஊரிலும் வழக்கம்தானே என்று விட்டுவிட்டோம். எதற்குத் தலையாட்டலாம், எதை மறுக்க வேண்டும்?


லாஷப்பல்_திறப்பு எழுதியது:

நீங்கள் பயப்பிடுறது பாஸ்போட்டுக்கு. பிழை இருக்கிறது காசில.

வீட்டுக்காரருக்காக வாடகைக்கு விடுற ஏஜென்சிக்கு இங்க 1970ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு. பேர் 'ஒகே' எண்டுதான் உச்சரிக்கிறது, பகிடி இல்லை. அதுக்குக் கீழ வந்த 1972 விதியில விடுமுறை வாடகைக்கு மூண்டு எல்லை போட்டிருக்கு. திறப்பு (சாவி) தாற நாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்னம் ஒரு சதமும் வாங்க ஏலாது. முற்பணம் மொத்த வாடகையில 25 வீதத்தைத் தாண்ட ஏலாது. மிச்சத்தை ஒரு மாதத்துக்கு முன்னம் கேட்க ஏலாது. உங்கட கணக்குக்கு: நவம்பர் 10 வரைக்கும் பூச்சியம், அதுக்குப் பிறகு ஆகக் கூடினது 315 யூரோ, மிச்சம் 945 ஏப்ரல் 10க்குப் பிறகு. அவை கேட்கிறது இப்ப 630, மார்ச்சில 630. மூண்டு எல்லையிலயும் பிழை.

வீட்டுக்காரரே நேரா விட்டால் இந்த எல்லை இல்லை. ஏஜென்சி தன்ர சொந்த வீட்டை விட்டாலும் கதை வேறை. அதால யாற்ற வீடு எண்டதை முதல் எழுத்தில கேட்டு வாங்குங்கோ.

ஏஜென்சியைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கு. இந்தத் தொழிலுக்கு உரிம அட்டை கட்டாயம். 2015இல இருந்து அதைக் குடுக்கிறது வர்த்தக கைத்தொழில் சம்மேளனம். அவையின்ர தளத்தில ஏஜென்சிப் பேரைப் போட்டால் அட்டை இலக்கம் வரும். அந்தப் பக்கத்தில வடிவாப் பார்க்கவேண்டியது ஒண்டுதான்: வாடிக்கையாளர் காசுக்கு நிதி உத்தரவாதம் எண்டு பதிஞ்சிருக்கோ, இல்லாட்டி 'காசு பெறுவதில்லை' எண்டு பதிஞ்சிருக்கோ. ரெண்டாவது மாதிரி அட்டையை வைச்சுக்கொண்டு தங்கட கணக்குக்கு வாடகையை அனுப்பச் சொன்னால் அதோட நிப்பாட்டுங்கோ.

வீட்டுக்கும் மாநகரசபை குடுக்கிற 13 இட இலக்கம் விளம்பரத்தில இருக்கவேணும். முதல் ஐஞ்சு இடம் வட்டாரம், பிறகு ஆறு இலக்கம், கடைசி ரெண்டும் சரிபார்ப்புக்கு. 15ஆம் வட்டார வீடு எண்டால் 75115 எண்டு துவங்கவேணும். 75118 எண்டு கண்டால் அது 18ஆம் வட்டாரத்து வீடு ஒண்டின்ர இலக்கம்.

இனிப் பாஸ்போட். வெளிநாட்டவர் வந்து இறங்கினவுடன பொலிஸ் படிவம் நிரப்பவேணும் எண்டது பிரெஞ்சுச் சட்டம். ஹோட்டலுக்கும் அதுதான், விடுமுறை வீட்டுக்கும் அதுதான். பேர், பிறந்த திகதி, பிறந்த இடம், நாடு, விலாசம், தொலைபேசி, மின்னஞ்சல், வாற நாள், போற நாள், அவ்வளவும்தான். 15 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையைப் பெரியாக்களின்ர படிவத்தில சேர்த்து எழுதலாம். படிவம் ஆறு மாதம் ஏஜென்சியிட்ட இருக்கும். இதுக்கு முன்கூட்டியே நகல் தேவையில்லை, வந்து காட்டினால் காணும். ஒப்பந்தம் தயாரிக்க எண்டு கேட்டால் முதல் பக்கத்தை மட்டும் அனுப்புங்கோ, குறுக்கால 'பாரிஸ் வாடகை, மே' எண்டு எழுதி, அடியில இருக்கிற ரெண்டு வரிக் குறியீட்டை மறைச்சு. தாய் தகப்பன் பேரும் வீட்டு விலாசமும் இருக்கிற கடைசிப் பக்கம் இவைக்கு எதுக்கு?

சம்பளச் சீட்டு மாதக்கணக்கில வீடு எடுக்கிற ஆக்களிட்டக் கேட்கிறது. அந்தப் படிவத்தையே உங்களுக்கும் தள்ளி விட்டிருக்கினம். ஏழு இரவுக்கு வேண்டாம் எண்டு ஒரு வரியில எழுதுங்கோ.

எழுத்து ஒப்பந்தம் கேட்கிறது நல்ல அடையாளம். விலையும் வீட்டு விபரமும் எழுதின ஒப்பந்தம் இல்லாமல் விடுறதுதான் இங்க சட்டப்பிழை. அதில முற்பணத்துக்கு என்ன சொல் போட்டிருக்கு எண்டு தேடுங்கோ. பிரெஞ்சு எழுத்தில எண்ணினால் ஆறு எழுத்தில, நடுவில ஒரே எழுத்து இரட்டிச்சு வாற சொல் 'ஆர்'. அப்பிடி எண்டால் நீங்கள் விலகினால் அந்த முற்பணம் மட்டும்தான் போகும், அவை விலகினால் இரட்டிப்பாத் தரவேணும். ஏழு எழுத்துச் சொல் 'அகோன்த்'. அது ரெண்டு பக்கத்தையும் கட்டிப்போடும். நீங்கள் வராட்டியும் முழு வாடகையும் கேட்கலாம். ஒண்டும் எழுதேல்லை எண்டால் ஏஜென்சிக்கும் பயணிக்கும் இடையில சட்டம் அதை 'ஆர்' எண்டுதான் எடுக்கும்.

டூரிஸ்ட் வரியில 18 வயசுக்குக் கீழ விலக்கு. மூண்டு பேருக்குத்தான் கட்டணும்.


அந்நியச்_செலாவணி எழுதியது:

சட்டத்தை மேலே விளக்கமாகச் சொல்லிவிட்டார். பணம் அனுப்பும் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன் சார்.

பிரெஞ்சு ஐபேன் எண் (சர்வதேச பேங்க் கணக்கு எண்) 'எஃப்ஆர்' என்று தொடங்கி 27 இடம் வரும். பெல்ஜியம் (பிஇ), லிதுவேனியா (எல்டி) என்று தொடங்கினால் உடனே மோசடி என்று சொல்ல முடியாது. ஆன்லைன் பேங்க் கணக்குகள் அப்படித்தான் வரும். ஆனால் கணக்கின் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் அட்டைப் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தனிநபர் பெயரில் கணக்கு என்றால் வேண்டாம். பணம் அனுப்பும் நேரத்தில் "எங்கள் கணக்கு மாறிவிட்டது" என்று மெயில் வந்தால், அந்த மெயிலில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடாதீர்கள். ஏற்கெனவே தெரிந்த நம்பரில் கூப்பிட்டு ஐபேனின் கடைசி நான்கு இடத்தை அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

இங்கே பேங்கில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம், பான், ஒப்பந்தம் அல்லது இன்வாய்ஸ் கேட்பார்கள். படிவத்தில் கட்டணம் யார் தலையில் என்று ஓர் இடம் வரும். 'ஓயுஆர்' (எல்லாக் கட்டணமும் அனுப்புபவர் தலையில்) என்பதை டிக் செய்யுங்கள். 'எஸ்ஹெச்ஏ' (கட்டணத்தை இரு பக்கமும் பகிர்வது) போட்டால் நடுவில் உள்ள பேங்க் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அனுப்பும். 315 போய்ச் சேராமல் முன்னூறு சொச்சம் சேரும். "முழுத்தொகை வரவில்லை, புக்கிங் உறுதியாகவில்லை" என்று அவர்கள் எழுதுவார்கள். அந்த மிச்ச யூரோவுக்கு இன்னொரு டிரான்ஸ்ஃபர், இன்னொரு கட்டணம்.

டெபாசிட்டை டிரான்ஸ்ஃபரில் அனுப்பவே கூடாது. தொகை நியாயமா என்பது வேறு விஷயம் (விடுமுறை வாடகைக்குச் சட்டத்தில் உச்சவரம்பு கிடையாது). போகும்போது பேங்க் விற்கும் ரேட், வரும்போது பேங்க் வாங்கும் ரேட், இரண்டு பக்கமும் கட்டணம். ஒரு தட்டு உடைக்காமலே பல ஆயிரம் ரூபாய் போய்விடும். கார்டு ஹோல்டுக்கு அவர்களே சம்மதிக்கும்போது அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டாக இருக்கட்டும், டெபிட்டோ ஃபாரெக்ஸ் கார்டோ வேண்டாம். பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்து, லிமிட்டில் 800 யூரோவுக்கு இடம் இருக்கிறதா பாருங்கள். ஹோல்ட் லிங்க் பாரிஸில் இறங்கிய பிறகு வந்தால் ஓடிபி இந்திய சிம்முக்குத்தான் வரும், ரோமிங்கில் எஸ்எம்எஸ் வர வேண்டும். ஏஜென்சி விடுவித்த பிறகும் லிமிட் திரும்பச் சில நாள் ஆகும். அந்த 800ஐ நம்பி ஷாப்பிங் போட வேண்டாம்.

விசா: ஷெங்கன் விண்ணப்பத்தை ஆறு மாதத்துக்கு முன்னால் கொடுக்க முடியாது. பணம் வாங்கும் கெடுவும் அதே நவம்பர் 10. அன்று 315 கட்டி, ஒப்பந்தத்தை வைத்து விண்ணப்பித்து, பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு ஏப்ரலில் மீதி. விசா மறுப்புக் கடிதம் காட்டினால் முற்பணம் திரும்பும் என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டாலும், அது 'ஆர்' ஆக இருந்தால் போவது 315தான். ஐரோப்பாவில் ஆன்லைனில் வாங்கினால் 14 நாளில் ரத்து செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். தேதி குறித்த தங்குமிடத்துக்கு அது பொருந்தாது.

இன்சூரன்ஸ் கேட்பது பிரான்சில் சகஜம். விசாவுக்காக எடுக்கும் பாலிசியில் 30,000 யூரோ மருத்துவச் செலவோடு 'பெர்சனல் லயபிலிட்டி' என்று ஒரு பிரிவும் பெரும்பாலும் இருக்கும். அதன் விலக்குப் பட்டியலில் 'வாடகைக்கு எடுத்த இடம்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பாலிசி இதற்கு உதவாது; தங்கும் ஒரு வாரத்துக்கு ஏஜென்சி வழியாகவே கிடைக்குமா என்று கேளுங்கள்.


கடுகு_பெருங்காயம் எழுதியது:

அண்ணா, 800 யூரோவில் கை வைக்கும் இடம் சமையலறைதான்.

அடுப்பு இண்டக்‌ஷனா, வெறும் செராமிக்கா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பார்க்க இரண்டும் ஒரே கறுப்புக் கண்ணாடி. இண்டக்‌ஷனில் அலுமினியக் குக்கர் சூடே ஏறாது. செராமிக்கில் ஏறும், ஆனால் இழுத்தால் கீறும், கீறலுக்கு மொத்தக் கண்ணாடி விலையைக் கேட்பார்கள். தாளிக்கும்போது இன்னொரு வில்லங்கம்: பல வீட்டில் அடுப்புக்கு மேலே உள்ள புகைக்கூண்டு காற்றை வெளியே தள்ளாது, கரி ஃபில்டரில் வடிகட்டி வீட்டுக்குள்ளேயே திருப்பி விடும். கடுகு வெடித்து மிளகாய் கருகினால் வாசம் சோஃபாவில் ஏறிவிடும், கூடத்தில் உள்ள ஸ்மோக் அலாரமும் கத்தும். அது பிரான்சில் 2015 முதல் எல்லா வீட்டிலும் கட்டாயம், பேட்டரியைக் கழற்றி வைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து, தீயைக் குறைத்துத் தாளித்தால் போதும். மஞ்சள் பட்ட வெள்ளை மேடையை அந்த நிமிஷமே துடையுங்கள்.

பாரிஸ் தண்ணீர் கடினநீர், கெட்டிலில் வெள்ளையாகப் படியும். கிளம்புவதற்கு முந்தின இரவு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி ஊற்றிக் கொதிக்க விட்டு வைத்தால் காலையில் போய்விடும்.

90 யூரோ கிளீனிங் என்பது தரை, பாத்ரூம், படுக்கை. கழுவாத பாத்திரம், ஓவன், குப்பை அதில் சேர்த்தி இல்லை என்று ஒப்பந்தத்தில் எங்காவது இருக்கும். சாவி வாங்கிய முதல் மணி நேரத்தில் படம் எடுத்துவிடுங்கள்: அடுப்புக் கண்ணாடி (சாய்வாக வெளிச்சம் விழ), ஓவன் உள்பக்கம், மெத்தை, வாணலி அடி, விளிம்பு உடைந்த தட்டு. அன்றைக்கே மெயிலில் அனுப்பிவிடுங்கள். புகார் சொல்ல 24 மணியோ 48 மணியோதான் கொடுத்திருப்பார்கள்.


குறிச்சிக்குளம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஏஜென்சிக்கு எழுதினேன். 25 சதவீதம் நவம்பரில் போதும் என்று மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள், சம்பளச் சீட்டையும் விட்டுவிட்டார்கள். வரி மூன்று பேருக்குத்தான் என்று திருத்தியாயிற்று. அட்டைப் பதிவில் நிதி உத்தரவாதம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் இருப்பது அந்த ஏழு எழுத்துச் சொல். விமானம் இறங்குவது மாலை 7.40, இரவு 10க்குள் போய்ச் சேர முடியுமா?


லாஷப்பல்_திறப்பு எழுதியது:

விதியைச் சொன்னவுடன மறுபேச்சில்லாமல் இறங்கிட்டினம் எண்டால் அவைக்கு விதி முன்னமே தெரியும். சொல்லை மாத்தித் தரச்சொல்லிக் கேளுங்கோ, அந்த ஒரு வரி மட்டும். மாட்டம் எண்டால் விசா மறுப்பு வரியையாவது எழுத்தில வாங்குங்கோ. ரெண்டும் இல்லை எண்டால் வேறை வீடு பாருங்கோ. மே மாதத்துக்கு நவம்பரிலயும் வீடு கிடைக்கும்.

7.40க்கு இறங்கினால் 10 மணி மட்டுமட்டு. ஷார்ல் து கோல் விமான நிலையத்தில குடிவரவு வரிசை, பெட்டி எல்லாம் சேர்ந்து ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும். பிறகு ஆர்ஈஆர் பி ரயிலில டென்ஃபெர் ரோஷ்ரோ வரைக்கும் வந்து, அங்க 6ஆம் இலக்க மெட்ரோ மாறவேணும், படிக்கட்டு இருக்கு. மாமியாரோடையும் பெட்டியோடையும் எண்டால் டாக்சி எடுங்கோ, விமான நிலையத்தில இருந்து பாரிசுக்கு நிலையான கட்டணம்தான். 15ஆம் வட்டாரம் ஆற்றுக்கு இடக்கரை, வலக்கரையை விடக் கொஞ்சம் கூட. விமானம் பிந்தினால் திறப்பு எப்பிடி எண்டு இப்பவே கேளுங்கோ. கட்டிடத்துக்குள்ள, குறியீடு போட்டுத் திறப்பை எடுக்கிற பெட்டி எண்டால் சரி. வீதிக் கம்பியில பூட்டின பெட்டி எண்டால் வேண்டாம், மாநகரசபை அதுகளைக் கழட்டி எடுக்குது. வாசல் கதவுக் குறியீடு, மாடி இலக்கம், கதவு இடப்பக்கமோ வலப்பக்கமோ, மூண்டையும் கடதாசியில எழுதி வைச்சிருங்கோ. கதவுகளில வீட்டு இலக்கம் இராது. லிஃப்ட் இருக்கோ எண்டும் கேளுங்கோ, அதை நீங்கள் பட்டியலில எழுதேல்லை.