ஒரு கோடிப் பேருக்கு ஐந்து பேர் போதுமா? லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி போர்டு விவாதம்

சரளைக்கல்:
2024 நவம்பரில் மெஷர் ஜி என்ற சாசனத் திருத்தம் மக்கள் வாக்கெடுப்பில் நூலிழையில் ஜெயித்தது. அதன்படி லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியை, அதாவது பல நகரங்கள் அடங்கிய நம் மாவட்டத்தை, ஆளும் போர்டின் உறுப்பினர்களான சூப்பர்வைசர்கள் ஐந்திலிருந்து ஒன்பது ஆவார்கள். இன்று போர்டு நியமிக்கும் தலைமை நிர்வாகியை 2028 முதல் மக்களே தேர்ந்தெடுப்பார்கள். நான் எதிர்த்து ஓட்டுப் போட்டவன். 1962, 1976, 1992, 2000 என்று திரும்பத் திரும்பக் கேட்டும் வாக்காளர்கள் போர்டைப் பெரிதாக்க மறுத்தார்கள். அவர்களுக்கு விவரம் தெரியாமல் இல்லை. ஐந்து பேர் என்றால் யாரைக் கேள்வி கேட்பது என்பதில் குழப்பமே கிடையாது.

மலைச்சாரல்:
யாரைக் கேட்பது என்று தெரிகிறது, சரி. அவரைப் பார்க்க முடிகிறதா? கவுண்டியில் கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் இருக்கிறோம், ஒரு சூப்பர்வைசருக்கு 20 லட்சம் பேர். கலிஃபோர்னியா மாநில செனட்டர் ஒருவருக்கே சுமார் 10 லட்சம்தான். வாஷிங்டனுக்குப் போகிற காங்கிரஸ் உறுப்பினருக்கு எட்டு லட்சத்தைக்கூடத் தொடாது. ஆஸ்பத்திரி, சிறை, குழந்தைகள் நலம், வீடில்லாதவர் பிரச்சினை எல்லாம் கவுண்டி கையில். அதைக் கவனிக்கிறவர்தான் மக்களிடமிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கிறார்.

புதுக்குடி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். செரிட்டோஸுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. இந்த சூப்பர்வைசர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? எங்கள் ஊருக்கு நகர மன்றம் இருக்கிறதே, அப்புறம் இவர்கள் எதற்கு?

மலைச்சாரல்:
நல்ல கேள்வி. ஒரு தொகுதிக்கு ஒருவர், நான்கு வருடப் பதவி, தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் இருக்க முடியாது. ஓட்டுச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. முதல் சுற்றில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால் அங்கேயே முடிந்தது, இல்லாவிட்டால் முதல் இருவர் நவம்பரில் மோதுவார்கள். 2, 4, 5 தொகுதிகளுக்கு ஜனாதிபதி தேர்தல் வருடம். 1, 3 தொகுதிகளுக்கு ஆளுநர் தேர்தல் வருடம். கவுண்டி காவல்துறைத் தலைவரான ஷெரிஃபையும் மாவட்ட அரசு வழக்கறிஞரையும் தனித் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறோம்.

கவுண்டிக்குள் 88 நகரங்கள். எந்த நகரத்திலும் சேராத பகுதிகளிலும் சுமார் பத்து லட்சம் பேர் வசிக்கிறார்கள். அவர்களுக்கு மேயர் கிடையாது, சூப்பர்வைசர்தான் எல்லாமே. அல்டடீனா அப்படிப்பட்ட ஊர். 2025 ஜனவரி 7 இரவு ஈட்டன் காட்டுத்தீ வந்தபோது அந்த ஊரின் லேக் அவென்யூ சாலைக்கு மேற்கே இருந்தவர்களுக்கு வெளியேறும் உத்தரவு விடியற்காலை மூன்று மணிக்கு மேல்தான் வந்தது. இறந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் அந்த மேற்குப் பக்கத்தவர்கள். அங்கே ஒரு டவுன் கவுன்சில் உண்டு, ஆனால் அது ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம். ஒரு மாதத்துக்கு அப்புறம் அங்கே போனேன். வீடு இருந்த இடத்தில் புகைபோக்கி மட்டும் நின்றது. பக்கத்தில் ஒரு பெரியவர் சாம்பலைக் கிளறி எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவர் கேள்வி கேட்க வேண்டிய ஆள் 20 லட்சம் பேருக்குப் பொது.

சரளைக்கல்:
அல்டடீனாவை நினைத்தால் எனக்கும் நெஞ்சு கனக்கிறது. ஆனால் ஒன்பது பேர் ஆனாலும் ஒருவருக்கு 11 லட்சம். 42,000 பேர் இருக்கிற ஊரின் குரல் அதில் எவ்வளவு கேட்கும்? அந்த ஊருக்குத் தனி நகராட்சி வேண்டும் என்று சொல்லுங்கள், நானும் சேர்ந்து குரல் கொடுக்கிறேன்.

என் பெரிய பயம் மக்கள் தேர்ந்தெடுக்கப் போகும் அந்தத் தலைமை நிர்வாகி பதவிதான். ஒரு கோடிப் பேரிடம் ஓட்டுக் கேட்க எவ்வளவு பணம் வேண்டும்? அதை யார் கொடுப்பார்கள்? 4,500 கோடி டாலருக்கு மேற்பட்ட பட்ஜெட் அவர் மேஜையிலிருந்துதான் கிளம்பும். மெஷர் ஜியை எழுதியதிலும் அவசரம். 2020-இல் நாம் நிறைவேற்றிய மெஷர் ஜே, சிறைக்கு மாற்றான திட்டங்களுக்கும் சமூகப் பணிகளுக்கும் பணம் ஒதுக்கச் சொன்னது. மெஷர் ஜியின் வாசகம் அதைத் தெரியாமலே அழிக்கிறது என்பது 2025 கோடையில்தான் வெளியே வந்தது. சாசனத்தைத் திருத்துகிறவர்கள் இதையா கவனிக்காமல் விடுவார்கள்?

மலைச்சாரல்:
மெஷர் ஜே விஷயத்தில் எனக்கும் கோபம்தான், அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். தலைவர் பதவியில் பணம் விளையாடும் என்பதும் உண்மை. ஆனால் இன்றைக்கு அந்த வேலையைச் செய்கிறவர் நம்மிடம் ஒரு ஓட்டுக்கூடக் கேட்டதில்லை.

எண்ணிக்கையிலிருந்து நான் இறங்க மாட்டேன். 1981-இல் தொகுதிக் கோடுகளை லத்தீன் மக்களின் ஓட்டு சிதறும்படி போட்டார்கள். 1990-இல் கார்சா வழக்கில் நீதிமன்றம் அதைத் தப்பு என்றது. 1991-இல் குளோரியா மொலினா ஜெயித்தார். நூறு வருடத்துக்கு மேல் கழித்து போர்டில் ஒரு லத்தீன் முகம்! ஆசிய வம்சாவளியினரில் இதுவரை ஒருவர்கூட ஜெயித்து அங்கே உட்காரவில்லை. தொகுதி பெரிதாக இருக்கும்வரை சிறிய சமூகம் அதில் கரைந்துதான் போகும்.

சரளைக்கல்:
அது வலுவான வாதம், ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் பாருங்கள். பொது அமைப்புகளின் கூட்டங்கள் திறந்த முறையில் நடக்க வேண்டும் என்கிற கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி பெரும்பான்மை உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வெளியே சேர்ந்து விவகாரம் பேசக் கூடாது. ஐந்து பேர் போர்டில் மூன்றாவது ஆள் சேர்ந்தாலே மீறல். ஒன்பதில் நான்கு பேர் மூடிய அறையில் பேசி முடித்துவிட்டு, செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் ஒரே ஒரு ஓட்டைத் தேடினால் போதும்.

மலைச்சாரல்:
இப்போது இரண்டு பேர் பேசி முடித்துவிட்டுத் தேடுவதும் அதே ஒரு ஓட்டைத்தானே?

புதுக்குடி:
இப்போதுதான் பார்த்தேன், நான் நான்காவது தொகுதி. ஒன்பது பேர் வரும்போது கோடுகளை யார் போடுவார்கள்?

சரளைக்கல்:
போர்டு இல்லை. 14 குடிமக்கள் கொண்ட தனி ஆணையம் 2021-இல் போட்டது; அடுத்து 2030 கணக்கெடுப்புக்கு அப்புறம். ஜியில் எனக்கு முழு நிம்மதி தருவது அது மட்டும்தான். அந்தக் கூட்டங்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். வரைபடத்தோடு போங்கள், நானும் வருகிறேன்.