போயா நாளில் உறையும் சர்வர்

புறக்கோட்டையில் எங்கள் மொத்தக் கடையின் கணக்குகளைத் தாங்கும் சர்வர் மூன்று வாரமாக உறைந்துபோகிறது. நாமே பொருத்தியது: ரைசன் 5 1600 புராசசர், 16 ஜிபி ரேம், உபுண்டு 22.04 இயங்குதளம்.

மின்விசிறி சுற்றுகிறது, இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் பிங்குக்குப் பதிலில்லை. கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்குகூட மாறுவதில்லை. லாக் கோப்பு பாதியில் நிற்கிறது, பிழைச் செய்தி ஒன்றுமில்லை.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் இரவு முழுக்க ஓட்டினேன், சுத்தம். பவர் சப்ளையையும் யூபிஎஸ்ஸையும் மாற்றியாயிற்று. கொழும்பு வெக்கையைத் திட்டலாமென்றால் சூடு 50 பாகையைத் தாண்டவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பத்துப் பேர் பில் போடும் நேரத்தில் ஒருமுறையும் நின்றதில்லை. கடை பூட்டிய இரவிலும், பௌர்ணமி விடுமுறையான போயா தினத்திலும்தான் நிற்கிறது.

வேலையில்லாதபோது புராசசர் உறங்கப்போகும் சி6 நிலையை பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளில்) நிறுத்தி, இதே கோளாறைத் தீர்த்தவர் யாரேனும் உண்டா?