370இசட்: நாலாவது சுற்றிலேயே பெடல் உள்ளே போகுது

அடையாறு_இசட்:
2010 மாடல் நிசான் 370இசட் கார், மேனுவல் கியர். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நாலாவது சுற்றில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆகி உள்ளே போகுது. இன்ஜின் ஆயில் சூடாகி ஆர்பிஎம்மும் (இன்ஜின் சுத்துற வேகம்) ஏற மாட்டேங்குது. பிரேக் பேட் மாத்தினா போதுமா?

பிட்லேன்:
போதாதுங்க. பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிக்கலைன்னாதான் பேட் கோளாறு. பெடல் உள்ளே போனா பிரேக் ஃப்ளூயிட் (மிதிக்கிற அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்துற திரவம்) கொதிச்சு ஆவி கட்டியிருக்கு. டாட் 4 தர ஃப்ளூயிட் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி தாங்கும். ஈரம் இழுத்துட்டா 155தான். சென்னைக் காத்துக்கு அது சீக்கிரமே நடக்கும். 300 டிகிரி தாண்டுற ரேஸ் ஃப்ளூயிட் ஒரு லிட்டர் வாங்கி, பழசு முழுக்க வெளியேறும் வரை பிளீட் பண்ணுங்க. காலிப்பர்ல (பேடை அழுத்துற பாகம்) ஃப்ளூயிட் வெளியேத்துற நிப்பிள் ரெண்டு இருந்தா ரெண்டையும் திறக்கணும். பிரிச்ச டப்பாவை அடுத்த மாசத்துக்குன்னு வைக்காதீங்க.

ஸ்பேனர்12:
ஆயில் 138 டிகிரி வாக்குல போனா ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) ஆர்பிஎம்மைக் குறைச்சுடும். தெர்மோஸ்டாட் (சூடானதும் ஆயிலைக் கூலருக்கு விடுற வால்வு) வச்ச ஆயில் கூலர்தான் தீர்வு; ஆயிலை மட்டும் மாத்திப் பயனில்லை. கூலர் போட்டதும் இன்ஜினை ஓட்டி நிறுத்தி டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கிற குச்சி) பாருங்க, கூலருக்குள்ள ஆயில் போனதால அளவு இறங்கியிருக்கும்.

பிட்லேன்:
கிளட்ச் ஃப்ளூயிட்டையும் மறக்காதீங்க. அந்த ஃப்ளூயிட் அழுத்தத்துல கிளட்சை விடுவிக்கிற ஸ்லேவ் சிலிண்டர், பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருற கூடு) உள்ளே இருக்கு. லீக் ஆச்சுன்னா கியர்பாக்ஸை இறக்கணும். கடைசிச் சுற்றை மெதுவா ஓட்டி பிரேக்கை ஆற விடுங்க, பிட்ல ஹேண்ட்பிரேக் வேண்டவே வேண்டாம்.