ஏழரை அடி எபாக்ஸி சர்ஃப் போர்டு, வேலூர் வெயில்: டெக் உப்பிவிட்டது, என்ன செய்யலாம்?

பாலாற்று மீன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது சத்துவாச்சாரியில். தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் ஊருக்கு ஒரு பட்டியலே உண்டு, அதோடு கடல் இல்லாத ஊரில் சர்ஃப் போர்டு என்பதையும் சேர்த்துக்கொள் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தாகிவிட்டது, அதனால் அந்தக் கிண்டலை இங்கே மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.

போன வருடம் கோவளத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பிய ஒருவரிடம் ஏழரை அடி எபாக்ஸி போர்டு ஒன்றை வாங்கினேன். ஏழரை என்ற அளவைக் கேட்டதும் அம்மா முகம் போன போக்கிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். "எபாக்ஸிங்க, கல்லு மாதிரி, லாரி ஏறினாலும் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லித்தான் கொடுத்தார். மாதத்தில் இரண்டு ஞாயிறு அண்ணன் கார் மேல் கட்டிக்கொண்டு விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்புவோம், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழி. ஆறு, ஆறரைக்குத் தண்ணீரில் இருப்போம். மற்ற நாளெல்லாம் போர்டு மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறையில் சுவரில் சாய்ந்து நிற்கும்.

இந்த மே மாதம் சித்தி பெண் கல்யாணம், அது இது என்று மூன்று வாரம் கடலுக்குப் போகவில்லை. அப்புறம் உறையைப் பிரித்துப் பார்த்தால், டெக்கில், அதாவது போர்டின் மேல்பக்கத்தில், பின்கால் வைக்கிற இடத்தில் பூரி மாதிரி உப்பியிருக்கிறது. கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது, விட்டால் டொப் என்று மேலே வருகிறது. முன்பை விடப் போர்டு கனக்கிறது என்றும் எனக்கு ஒரு சந்தேகம், அண்ணன் உனக்குத்தான் தொப்பை போட்டுவிட்டது என்கிறார். மூக்கில் பழைய ஒட்டு ஒன்று இருக்கிறது, மஞ்சளாகி, ஓரத்தில் மயிரிழை மாதிரி விரிசல். டெக்கில் ஒரு ரூபாய்க் காசு அளவு பிளாஸ்டிக் வட்டம் ஒன்று, நடுவில் ஸ்க்ரூ. அது எதற்கென்று தெரியாததால் தொட்டதே இல்லை.

ராணிப்பேட்டை பக்கம் ஃபைபர் வேலை செய்கிற பட்டறைகள் இருக்கின்றன, அங்கே கொடுத்து ஒரே நாளில் சரி செய்துவிடலாமா? எபாக்ஸி என்றால் உறுதி என்பதே கட்டுக்கதையா? பேசாமல் இதை விற்றுவிட்டு பி.யூ. போர்டு, அதாவது உள்ளே பாலியூரித்தேன் நுரை வைத்தது, வாங்கிவிடவா?


கோவளம் காலை 5 மணி எழுதியது:

பட்டறைக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் இப்போதே போன் போட்டு நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் போர்டுக்கு உள்ளே இருப்பது நம் டிவி பெட்டியில் வருகிற அதே தெர்மாகோல்தான், கொஞ்சம் நல்ல ரகம். அதன் மேல் கண்ணாடி இழைத் துணி, அதற்கு மேல் எபாக்ஸி ரெசின். ஃபைபர் படகு, தண்ணீர் டேங்க் எல்லாவற்றுக்கும் ஊற்றுவது பாலியெஸ்டர் ரெசின். அதில் ஸ்டைரீன் கலந்திருக்கும், ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். சின்ன வயதில் பெட்ரோலில் தெர்மாகோலைப் போட்டு வேடிக்கை பார்த்திருப்பீர்களே, அதே கதை. என் நண்பன் ஒருவன் கேட்காமல் கொள்ளாமல் ஒரு படகுப் பட்டறையில் போர்டின் பக்கவாட்டு ஓரத்தில் இருந்த சின்ன ஓட்டையை அடைக்கக் கொடுத்தான். ஓட்டை சுண்டுவிரல் அளவு. ஊற்றிய ரெசின் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது, அவரும் பாவம் ஊற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் உள்ளே இரண்டு இட்லி வைக்கிற அளவுக்குப் பொந்து, மேல் ஓடு மட்டும் அப்படியே நின்றது.

அந்த ஸ்க்ரூ காற்று போகிற வழி. தெர்மாகோல் மணிகளுக்கு நடுவே காற்று இருக்கிறது, சூடானால் விரியும், வெளியே வர வழி இல்லையென்றால் டெக்கைத் தூக்கும். உங்கள் பூரி அப்படித்தான் வந்திருக்கும். சில போர்டுகளில் காற்றை விட்டு நீரைத் தடுக்கிற சவ்வு வைத்த வகை வரும், அதைத் தொட வேண்டியதில்லை. உங்களுடையது ஸ்க்ரூ வகை, வீட்டில் இருக்கும்போது தளர்த்தி வைக்க வேண்டும், தண்ணீரில் இறங்கும் முன் மறக்காமல் முறுக்க வேண்டும். மே மாத வேலூரில் ஷீட் போட்ட அறை என்று படித்ததும் எனக்கே வியர்த்துவிட்டது. வெளியே நாற்பதைத் தாண்டும்போது அந்த ஷீட்டுக்குக் கீழே என்ன இருந்திருக்கும் என்று யோசியுங்கள். வீட்டில் ஆற வைக்கிற எபாக்ஸி அறுபது டிகிரி பக்கம் போனாலே இளக ஆரம்பித்துவிடும்.

கனக்கிறது என்ற சந்தேகத்தை விடாதீர்கள். எடை போட்டுப் பாருங்கள்.


ரெசின் வாசம் எழுதியது:

நான் அந்த ராணிப்பேட்டைப் பட்டறைக்காரர்களில் ஒருவன். ஷீட், டேங்க், கெமிக்கல் கம்பெனிகளுக்கு லைனிங், இதுதான் இருபது வருடமாகத் தொழில். மேலே சொன்னது சரி. எங்களைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை, வெளியே பார்த்தால் இரண்டும் ஃபைபர்தான், உள்ளே என்ன இருக்கிறது என்று கொண்டுவருகிறவர் சொன்னால்தானே தெரியும்.

ஆனால் எபாக்ஸியைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பாலியெஸ்டர் காய்ந்தபின் முறுக்கு மாதிரி, அடி விழுந்தால் படக் என்று விரியும். எபாக்ஸி கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கண்ணாடித் துணியையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஓடு உறுதி என்று விற்றவர் சொன்னது பொய்யில்லை. மேல் ஓடு பற்றி மட்டும் சொன்னார், உள்ளே இருப்பதைப் பற்றிச் சொல்லவில்லை. விரிசல் விட்டால் தெர்மாகோல் மணிகளுக்கு நடுவே தண்ணீர் ஊர்ந்து ஊர்ந்து ஒரு அடி தள்ளிப் போய் உட்காரும். பி.யூ. நுரையும் குடிக்கும், ஆனால் மெதுவாகக் குடிக்கும்.

நீங்களே சரி செய்வதென்றால் ஒரு விஷயம். பாலியெஸ்டரில் அதை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கூடினால் சீக்கிரம் இறுகும், எங்கள் பையன்கள் கண் அளவிலேயே ஊற்றுவார்கள். எபாக்ஸியில் அந்த வேலை ஆகாது. ரெசினுக்கும் அதை இறுக வைக்கிற ஹார்டனருக்கும் டப்பாவில் என்ன விகிதம் போட்டிருக்கிறதோ அதே விகிதம், தராசு வைத்து. ஹார்டனர் அதிகம் ஊற்றினால் வேகமாகக் காயாது, காலத்துக்கும் பிசுபிசு என்று நிற்கும். அப்புறம் நம் ஊர் வெயிலில் டம்ளர் நிறையக் கலக்காதீர்கள், அதன் சூடே அதற்குச் சேர்ந்து புகை விட ஆரம்பிக்கும். தட்டையான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக, காலை ஆறு மணிக்கு. கையுறை கட்டாயம், ஹார்டனர் பட்டுப் பட்டு ஒருநாள் தோல் ஒத்துக்கொள்ளாமல் போய்விடும், எனக்கு அப்படித்தான் ஆனது.


பி.யூ. கட்சி எழுதியது:

யாரும் சொல்ல மாட்டார்கள் போலிருக்கிறது, நான் சொல்கிறேன். விற்றுவிட்டு பி.யூ. வாங்குங்கள். 2005 டிசம்பர் 5 அன்று கலிபோர்னியாவில் கிளார்க் ஃபோம் கம்பெனி திடீரென்று கடையை மூடியது. அமெரிக்காவில் பெரும்பாலான போர்டுகளுக்கு அவர்கள்தான் பி.யூ. நுரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எபாக்ஸிக்குப் பெரிய வாய்ப்பு வந்தது அப்போதுதான், பி.யூ. கதை முடிந்தது என்றுகூடப் பேசினார்கள். முடிந்ததா? இன்றைக்கும் பெரிய போட்டிகளில் பி.யூ. இருக்கிறது. காரணம் கனம்தான். காற்று அடித்துத் தண்ணீர் குத்துக் குத்தாக இருக்கும்போது எபாக்ஸி போர்டு குண்டும் குழியுமான ரோட்டில் காலி மாட்டு வண்டி போவது மாதிரி தடதடக்கும், பி.யூ. அமுங்கிப் போகும்.

உடைந்தாலும் எந்த மீனவக் குப்பத்திலும் படகு ஒட்டுகிறவரிடம் கொடுக்கலாம், அவர் ரெசின் அதற்கு ஒத்துக்கொள்ளும். என் போர்டு ஆறு வருடம், டெக் முழுக்கக் குதிகால் பள்ளம், பார்க்க அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும், ஆனால் ஓடுகிறது.


கோவளம் காலை 5 மணி எழுதியது:

கட்சி சார், தடதடப்பது உண்மை. ஆனால் அவர் வருவது மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் கடல் காற்று எழுந்திருக்காது, தண்ணீர் எண்ணெய் ஊற்றின மாதிரி இருக்கும், பத்து மணிக்கு மேல்தான் நீங்கள் சொல்கிற குத்தெல்லாம். பெரும்பாலான நாளில் நம் அலை இடுப்பளவு, அதற்குத் தள்ளுகிற பலமும் இல்லை. அந்த மாதிரி அலைக்கு மிதப்பு அதிகமான, எடை குறைந்த எபாக்ஸிதான் சுகம். படுத்துக்கொண்டு கையாலேயே துடுப்புப் போட்டு இரண்டு இழுப்பு கூடுதலாக இழுத்தாலே ஏறிவிடலாம். வாரக் கடைசியில் மட்டும் கை வலிக்க வருகிறவருக்கு அது பெரிய விஷயம்.

ஆறு வருடம் உழைத்தது என்கிறீர்கள், அது எங்கே படுத்திருந்தது? கடலோரத்தில், ஓலைக் கொட்டகை நிழலில். இவருடையது வேலூர் மாடியில் வெந்திருக்கிறது. உங்கள் பி.யூ.வை அங்கே மூன்று வாரம் நிறுத்திப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.


பாலாற்று மீன் எழுதியது:

பதினைந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

தெரு முனையில் பழைய இரும்புக் கடை இருக்கிறது. அங்கே தராசில் வைத்தால் 5 கிலோ 150. வாங்கும்போது விற்றவர் நாலரை கூட இல்லை என்றார். வீட்டுக்கு வந்து மூக்கில் இருந்த பழைய ஒட்டைக் கத்தியால் நெம்பி எடுத்தேன், உள்ளே தெர்மாகோல் வெள்ளையாக இல்லை, டீத்தூள் வடிகட்டி நிறத்தில் இருந்தது. மூக்கு கீழே இருக்கும்படி ஹாலில் சாய்த்து, அடியில் எவர்சில்வர் தட்டு வைத்தேன். ராத்திரி முழுக்கச் சொட்டுச் சத்தம். காலையில் தட்டில் அரை டம்ளர் தண்ணீர், நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு.

இப்போது அந்த ஸ்க்ரூ விஷயம். கழற்றினால் அடியில் இருக்க வேண்டிய ரப்பர் வளையமே இல்லை. அதாவது வீட்டில் மூடியே இருந்ததால் காற்று போகவில்லை, பேருக்குத்தான் மூடியிருந்ததால் கடலில் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இரண்டு பக்கமும் அடி, மத்தளம் மாதிரி. லாங் பஜாரில் நாலு கடை ஏறி இறங்கி அளவுக்குச் சரியான வளையம் வாங்கினேன், விலை சொன்னால் சிரிப்பீர்கள்.

வெயிலில் காய வைக்காமல் ஃபேனுக்கு அடியிலேயே வைத்து நாலு நாளைக்கு ஒரு தடவை எடை பார்த்தேன். 4 கிலோ 900, 4 கிலோ 650, கடைசி இரண்டு தடவையும் 4 கிலோ 480. அதற்குக் கீழே இறங்கவில்லை. இப்போது பூரியை என்ன செய்வது?


ரெசின் வாசம் எழுதியது:

எடை நின்றுவிட்டது என்றால் காய்ந்துவிட்டது. உப்பின இடத்தில் இரண்டு ஓரத்திலும் சின்னதாக ஒவ்வொரு ஓட்டை போடுங்கள். ஒன்றில் சிரிஞ்சால் எபாக்ஸி ஏற்றுங்கள், இன்னொன்றில் எட்டிப் பார்க்கும் வரை. வேலூரில் சிரிஞ்சுக்கா பஞ்சம், எந்த மெடிக்கலிலும் கிடைக்கும், ஊசி வேண்டாம், குழல் மட்டும். மேலே பிளாஸ்டிக் காகிதம் விரித்து மணல் பை வைத்து ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள். மூக்குக்கு எபாக்ஸியோடு கண்ணாடித் துணி இரண்டு அடுக்கு, காய்ந்ததும் தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போடுங்கள், முகமூடி கட்டிக்கொண்டு. புதிது மாதிரி ஆகாது. அந்த இடம் கொஞ்சம் கட்டையாகத்தான் இருக்கும்.


பி.யூ. கட்சி எழுதியது:

கடற்கரையில் திடீரென்று விரிசல் விட்டால் எம்சீல் கொஞ்சம் பிசைந்து அப்பிவிடுங்கள், அதுவும் எபாக்ஸிதான், தெர்மாகோலை ஒன்றும் செய்யாது. உடனே ஒட்டுகிற பசை எதையும் மட்டும் விடாதீர்கள், அரித்துவிடும். எங்கள் கட்சிக்கு வராவிட்டாலும் பரவாயில்லை.


பாலாற்று மீன் எழுதியது:

மணல் பை கிடைக்கவில்லை, பத்து கிலோ பொன்னி அரிசி மூட்டையை வைத்தேன், அம்மாவுக்குத் தெரியாது. முக்கால்வாசி படிந்துவிட்டது, ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இன்னும் லேசாக மேடு இருக்கிறது, மெழுகு தேய்த்தால் தெரியவில்லை.

போர்டு இப்போது ஹாலில் கட்டிலுக்கு அடியில், ஸ்க்ரூ தளர்த்தி. மறக்காமல் இருக்க அண்ணன் கார் சாவியில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கட்டிவிட்டார். நேற்று போய்வந்தோம், நல்ல அலை இல்லை, ஏழெட்டு கிடைத்தது, போதும். போகும் முன்பும் எடை பார்த்தேன், வந்து துடைத்துவிட்டும் பார்த்தேன், ஒட்டுப் போட்டதோடு சேர்த்து 4 கிலோ 570, இரண்டு தடவையும் அதே.

இரும்புக் கடைக்காரர்தான் கொஞ்சம் கடுப்பாகிவிட்டார். "தடவைக்குத் தடவை எடை மட்டும் பாத்துட்டுப் போறியே தம்பி, எப்பதான் போடப் போறே?" என்று கேட்டார்.