கார் ஏற்றும் டிரெய்லர் வடிவமைப்பு: அனுபவசாலிகள் உதவவும்

நண்பர்களே, பழைய கார்களை ஏற்றிச் செல்ல ஒரு டிரெய்லரைச் சொந்தமாக வடிவமைத்துக் கட்டலாம் என்று இருக்கிறேன். வெல்டிங் செய்யத் தெரிந்தவர் கைவசம் இருக்கிறார். கணக்குதான் இடிக்கிறது.

ஏற்றப்போகும் காரின் எடை 1,400 கிலோ. டிரெய்லரின் சொந்த எடை 800 கிலோவுக்குள் முடியும் என நினைக்கிறேன். ஆக 2,200 கிலோ. அதற்குத் தலா 1,500 கிலோ தாங்கும் இரண்டு ஆக்சில் (சக்கர அச்சு), இரண்டிலும் பிரேக். இதுவரை சரிதானே?

அடுத்தது, இழுக்கும் வண்டியோடு டிரெய்லரை இணைக்கும் கொக்கியின் மேல் விழும் பாரம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பக்கம் இறங்க வேண்டும், குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். ஆனால் எஞ்சின் பின்னால் இருக்கும் காரையும் சில சமயம் ஏற்றுவேன். ஆக்சில்களை எங்கே வைப்பது? காரைத் திருப்பி, பின்பக்கம் முன்னால் வருமாறு ஏற்றினால் போதுமா?

என்னைத் தூங்கவிடாதது ரேம்ப், அதாவது கார் தளத்துக்கு ஏறும் சாய்வுப் பலகை. தளம் 60 செ.மீ. உயரம். 1.5 மீட்டர் ரேம்ப் போட்டால் சரிவு 23 டிகிரியைத் தாண்டுகிறது, தாழ்வான கார் நிச்சயம் அடிவாங்கும் (ஒரு பம்பரை ஏற்கெனவே பலி கொடுத்தாயிற்று). 2.4 மீட்டர் என்றால் 15 டிகிரிக்குள் வரும், ஆனால் தனியாளாகத் தூக்க முடியுமா? தளத்தின் பின்பகுதியையே சரிவாகக் கட்டியவர்கள் யாராவது உண்டா?

அப்புறம், அதிர்வைத் தாங்க லீஃப் ஸ்பிரிங்கா (அடுக்கிய எஃகுப் பட்டைகள்), டார்ஷன் ஆக்சிலா (முறுக்கத்தால் அதிர்வை வாங்கும் அச்சு)? பாரத்தை இரண்டு ஆக்சிலுக்கும் பகிர்ந்து கொடுக்கும் என்பதால் என் மனம் லீஃப் ஸ்பிரிங் பக்கம்தான். கட்டிப் பார்த்தவர்கள் படம் இருந்தால் போடுங்கள்.